தலைவர்களைக் குறை கூறும் நூல்கள்: நீதியோடு படிப்பது எப்படி?

(விஸ்வநத்தத்தில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகட்டும். அவனது சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! தனிமையிலும் கூட்டத்திலும் அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும், பின்னர் உங்களுக்கும் உபதேசம் செய்கிறேன்.

சென்ற வாரம் தொழுகை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரர் அருகில் வந்தார். சிறியதாக ஒரு அச்சகம் வைத்திருப்பவர். "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கணும்" என்றார். தேர்தல் நெருங்குகிறது. ஒரு வேட்பாளரைப் பற்றி எதிரணியைச் சேர்ந்த ஒருவர் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடிக்கக் கொண்டு வந்திருக்கிறார். எழுதியவர் பெயர் இல்லை. வெளியிடுபவர் பெயரும் அச்சகத்தின் பெயரும் போட வேண்டாம் என்கிறார். வழக்கமான கூலியைவிடக் கூடுதலாகத் தருவதாகவும் சொல்கிறார். "அதில் இருப்பது நிஜமா பொய்யா எனக்குத் தெரியாது ஹஜ்ரத். நான் எழுதவில்லை, அச்சடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். கூடுமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். காரணம், இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. அச்சடிக்கும் அவருக்கு ஒரு கேள்வி இருந்தால், அதைக் கையில் வாங்கிப் படிக்கும் நமக்கும், செல்போனில் நாலு பேருக்கு அனுப்பும் நமக்கும் அதே கேள்வி இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம்மில் இரண்டு விதமாகப் பேசுகிறோம். சிலர், அரசியல்வாதி என்றாலே அப்படித்தான், அவரைப் பற்றி யார் எதை எழுதினாலும் நம்பலாம் என்கிறார்கள். வேறு சிலர், ஒருவரின் குறையைப் பேசினாலே அது புறம், ஆகவே அப்படிப்பட்ட நூலைத் தொடவே கூடாது என்கிறார்கள். இரண்டுமே மார்க்கம் காட்டிய வழி அல்ல.

குறை சொல்வதெல்லாம் புறமாகுமா?

புறம் என்றால் என்ன என்பதை நபி (ஸல்) அவர்களே விளக்கியிருக்கிறார்கள். உன் சகோதரன் வெறுக்கும் ஒன்றை அவன் இல்லாதபோது பேசுவது புறம். அது அவனிடம் உண்மையாகவே இருந்தால் புறம். இல்லாவிட்டால் அது அவதூறு (முஸ்லிம்). ஆக, உண்மையாக இருந்தாலும் தேவையில்லாமல் பேசுவது பாவம்.

ஆனால் தேவை என்று ஒன்று இருக்கிறதே! ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் சம்பவத்தைப் பாருங்கள். மணவிலக்குப் பெற்று இத்தா முடிந்தபின் அவர்களை முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) ஆகிய இருவர் பெண் கேட்கிறார்கள். யாரை ஏற்பது என்று அல்லாஹ்வின் தூதரிடம் ஆலோசனை கேட்கிறார்கள். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்றும், முஆவியா பொருளில்லாத ஏழை என்றும் சொல்லிவிட்டு, உஸாமாவை மணந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (முஸ்லிம்).

இந்தச் செய்தியை நன்றாகக் கவனியுங்கள். இருவரும் நபித்தோழர்கள். இருவரின் குறையையும் அவர்கள் இல்லாத இடத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஏன்? ஒரு பெண் தன் வாழ்க்கையை ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறார். தேர்ந்தெடுக்கும் உரிமை அவருடையது. உண்மை தெரியாமல் தேர்ந்தெடுத்தால் பாதிக்கப்படுபவரும் அவர்தான். அதே நேரத்தில் எவ்வளவு சொன்னார்கள் என்பதையும் பாருங்கள். ஒருவரைப் பற்றி ஒரே ஒரு குறை. அதுவும் திருமண வாழ்வைத் தொடும் குறை. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

இதை அடிப்படையாக வைத்தே இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், பிறர் குறையைப் பேச அனுமதியுள்ள ஆறு இடங்களைப் பட்டியலிட்டார்கள். அநியாயம் செய்தவன் மீது முறையிடுவதும், மக்களை ஒரு தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அந்த ஆறில் உள்ளவை.

வேட்பாளர் யார்? உங்கள் அமானிதத்தை என்னிடம் ஒப்படையுங்கள் என்று நம் வாசலுக்கு வந்து கேட்பவர். ஊருக்கு வரும் குடிதண்ணீர், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பட்டாசு ஆலையின் பாதுகாப்பு எல்லாவற்றிலும் முடிவெடுக்கும் இடத்திற்கு வரப்போகிறவர். அவரது நேர்மையை, திறமையை, பதவியில் இருந்தபோது அவர் செய்ததை விசாரிக்க நமக்கு உரிமை உண்டு. அதை எழுதுபவருக்கும் உரிமை உண்டு. ஸகாத் வசூலிக்கப் போன இப்னுல் லுத்பிய்யா என்பவர், இது உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டியபோது, நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தையின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் கேட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்). பொதுப் பணத்தைத் தொட்டவரின் கணக்கு பொதுமக்கள் முன்னால் பேசப்பட்டது.

கூஃபாவின் பள்ளிவாசல்களில் நடந்த விசாரணை

சரி, குற்றச்சாட்டு வந்துவிட்டது. அதை எப்படி எடைபோடுவது?

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி). சொர்க்கத்திற்கு நற்செய்தி கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். அவர் மீது கூஃபாவாசிகள் புகார் கொண்டு வந்தார்கள். ஒழுங்காகத் தொழவைப்பதில்லை என்றுகூடச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? ஸஅத் எப்பேர்ப்பட்டவர், அவரைப் பற்றிப் பேச நீங்கள் யார் என்று புகார் கொடுத்தவர்களை விரட்டவில்லை. அவரைப் பதவியிலிருந்து விலக்கிவைத்துவிட்டு, நேரில் அழைத்து, உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்களே என்று கேட்டார்கள். முதல் இரண்டு ரக்அத்களை நீட்டியும் பின் இரண்டைச் சுருக்கியும், நபி (ஸல்) அவர்கள் தொழவைத்த முறையிலேயே தொழவைக்கிறேன் என்று அவர் விளக்கினார். உங்களைப் பற்றி என் எண்ணமும் அதுதான் என்றார்கள் உமர் (ரலி).

அத்துடன் கோப்பை மூடவில்லை. ஆட்களை கூஃபாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஒரு பள்ளிவாசல் விடாமல் போய் மக்களிடம் விசாரித்தார்கள். எல்லா இடத்திலும் நல்லதே சொன்னார்கள். பனூ அப்ஸ் பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்தார். ஸஅத் படையுடன் போவதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, தீர்ப்பில் நீதி செலுத்துவதில்லை என்று மூன்று குற்றம் சொன்னார். அவரை யாரும் உட்கார வைக்கவில்லை. ஆனால் ஸஅத் (ரலி) அவர்கள், இவன் பொய் சொல்லி, பெயருக்காகவும் புகழுக்காகவும் எழுந்து நின்றிருந்தால், இவனுக்கு ஆயுளையும் வறுமையையும் நீட்டி, சோதனைகளில் ஆழ்த்திவிடு என்று அல்லாஹ்விடம் கையேந்தினார்கள். பிற்காலத்தில் அந்த மனிதர், ஸஅதின் துஆ என்னைப் பிடித்துக்கொண்டது என்று தானே சொல்லும் நிலைக்கு ஆளானார் (புகாரீ).

இன்னொன்றும் இருக்கிறது. உமர் (ரலி) அவர்கள் குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். அதில் ஸஅதும் ஒருவர். அப்போது உமர் (ரலி) சொன்னார்கள்: ஸஅதை நான் விலக்கியது இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அல்ல (புகாரீ). ஒருவர் மீது பழி வந்தது மக்களுக்குத் தெரியும் என்றால், அது நிரூபணமாகவில்லை என்பதும் மக்களுக்குத் தெரிய வேண்டும் என்று கடைசி மூச்சிலும் கவலைப்பட்டார்கள். பழியை நூறு பேருக்கு அனுப்பிவிட்டு மறுப்பை ஒருவருக்கும் அனுப்பாத நாம் இதை யோசிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

சகோதரர்களே! நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 அன்று தந்த ஒரு தீர்ப்பும் இந்த விஷயத்திற்கு மிக நெருக்கமானது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட இருந்தது. அரசு அதிகாரிகள் சிலருக்கு அவருடன் தொடர்பு இருந்ததாக அதில் செய்தி. வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை அதிகாரி கடிதம் அனுப்பினார். வழக்கு ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது.

தீர்ப்பின் சாரம் இது. அச்சாகும் முன்பே ஒரு நூலைத் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை. பாதிக்கப்பட்டால் வெளிவந்த பிறகு வழக்குத் தொடுக்கலாம். பொதுப் பதவியில் இருப்பவரின் கடமை சார்ந்த செயல்களைப் பற்றி எழுதும்போது, எழுதியவர் நியாயமான அளவுக்குச் சரிபார்த்திருக்க வேண்டும். உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் எழுதியிருந்தால் பாதுகாப்பு இல்லை. ஒருவரின் தனிப்பட்ட வாழ்க்கை, குடும்பம் ஆகியவற்றை அவர் அனுமதியின்றி எழுதக் கூடாது. பொது ஆவணங்களில் பதிவானதற்கு மட்டும் பொதுவாக விலக்கு உண்டு.

தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற கருத்தில் ஹுஜுராத் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான் (49:6). கவனியுங்கள், தீயவன் சொன்னால் தூக்கி எறியச் சொல்லவில்லை, விசாரிக்கச் சொல்கிறான். தூக்குக் கைதி சொன்னாலும் அதற்குள் ஒரு உண்மை இருக்கலாம்.

படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள்

ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு அறிவிப்பாளரைக் குறை கூறுவதற்கும் ஏற்பதற்கும் தனியாக ஒரு கலையையே உருவாக்கினார்கள். அதன் விதிகளை வைத்தே சில கேள்விகளைச் சொல்கிறேன். தேர்தல் நேரத்தில் ஒரு நூல் கைக்கு வந்தால் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது: சொல்பவர் யார், எங்கே நிற்கிறார்? சமகாலத்தில் ஒரே துறையில் இருந்த இருவர் ஒருவரையொருவர் குறை சொன்னால், ஆதாரமில்லாமல் அதை ஏற்பதில்லை என்பது அந்த அறிஞர்களின் விதி. பொறாமையும் மனக்கசப்பும் நல்லவர்களையும் விட்டுவைப்பதில்லை என்று இமாம் தஹபீ (ரஹ்) எச்சரித்திருக்கிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் கவிஞர் கண்ணதாசனின் 'வனவாசம்'. 1957 தேர்தலில் திருக்கோஷ்டியூரில் தி.மு.க. வேட்பாளராக நின்று தோற்றவர் அவர். 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்துடன் கட்சியை விட்டு வெளியேறினார். அந்தக் கட்சியில் இருந்த காலத்தைத்தான் அந்நூலில் எழுதினார். கலைஞர் கருணாநிதி உள்ளிட்ட பழைய தோழர்கள் மீது கடுமையான விமர்சனம் அதில் இருக்கிறது. இன்று வரை அரசியல் மேடைகளில் அந்நூலை எடுத்துக் காட்டுகிறார்கள்.

இதை எப்படி எடைபோடுவது? அவர் உள்ளே இருந்தவர், கண்ணால் பார்த்தவர். அது அவர் சாட்சிக்கு வலு. கசந்து பிரிந்தவர், அது அவர் சாட்சிக்குப் பலவீனம். தன்னுடைய தவறுகளையும் ஒளிக்காமல் எழுதினார். அது மீண்டும் வலு. இருவர் மட்டும் இருந்த இடத்தில் நடந்ததாக அவர் சொல்வதற்கு வேறு சாட்சி இல்லை; அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். கருணாநிதியும் 'நெஞ்சுக்கு நீதி' என்று தன் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதியிருக்கிறார். ஒன்றை மட்டும் படித்துவிட்டு மேடையில் பேசுபவர் பாதி வழக்கைத்தான் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது: படகில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? 2004-ல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜான் கெர்ரி வேட்பாளர். வியட்நாம் போரில் கடற்படைப் படகில் பணியாற்றிப் பதக்கம் பெற்றவர். அந்தப் பதக்கங்கள் நேர்மையாக வந்தவை அல்ல என்று ஆகஸ்ட் மாதம் ஒரு நூல் வந்தது. தேர்தலோ நவம்பரில். நூலை எழுதிய இருவரில் ஒருவர் முன்னாள் கடற்படை வீரர்தான். அதே படகைக் கெர்ரிக்குப் பின்னால் நடத்தியவர். கெர்ரியுடன் அதில் இருந்தவர் அல்ல. கெர்ரியுடன் அதே படகில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம் சாட்சி சொன்னார்கள். கடற்படை ஆவணங்களும் நூலின் முக்கியக் குற்றச்சாட்டுகளுக்கு மாறாக இருந்தன. ஆனால் நூல் லட்சக்கணக்கானவர்களிடம் போய்விட்டது. ஒரே துறையில் இருந்தார் என்பதும், நேரில் பார்த்தார் என்பதும் ஒன்றல்ல. இந்த ஆசிரியர் பார்த்ததை எழுதுகிறாரா, கேட்டதை எழுதுகிறாரா, கேட்டதைக் கேட்டவரிடமிருந்து எழுதுகிறாரா என்று பக்கத்துக்குப் பக்கம் பாருங்கள்.

மூன்றாவது: இது நம் அமானிதத்தைத் தொடும் செய்தியா? ஃபாத்திமா பின்த் கைஸ் சம்பவத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். வேட்பாளரின் சாதி, அவர் மனைவியின் பேச்சு, மகளின் திருமணம், உடம்பின் நோய் இவற்றைக் கிளறும் பக்கங்கள் வந்தால் அங்கே மூடிவிடுங்கள். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்தது (49:12) இதைத்தான்.

நம்பி அருகில் வைத்தவரைப் பற்றி எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 முதல் 2008 வரை பிரதமர் மன்மோகன் சிங்கின் ஊடக ஆலோசகராக இருந்த சஞ்சய பாரு, 2014 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரத்தில், பிரதமரைப் பற்றிய நூலை வெளியிட்டார். மன்மோகன் சிங் அந்தத் தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் அவர் கட்சி நின்றது. பிரதமர் அலுவலகம் அதை மறுத்தது. பிரதமரின் மகள் அதை நம்பிக்கைத் துரோகம் என்றார். நம் மார்க்கம் என்ன சொல்கிறது? ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றும் முற்றும் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதமாகிவிடும் என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத், திர்மிதீ). ஆட்சியின் முடிவு யார் கையில் இருந்தது என்பது மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. அந்தரங்கமாகச் சொன்ன மனக்குறை அமானிதம். ஒரே நூலில் இரண்டும் கலந்திருக்கும். பிரித்துப் படிக்க வேண்டியது நம் கடமை. வாக்குப்பதிவுக்கு நடுவே வரும் நூலுக்குப் பதில் சொல்ல மறுதரப்புக்கு நேரம் கிடைக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நான்காவது: எதை விட்டுவிட்டார்கள்? இதை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். காலண்டர் அச்சடிக்கும் ஊர்க்காரர்கள் நாம். ஒரு முகத்தை அச்சடிக்க நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு என நான்கு பிளேட் வேண்டும். கருப்பு பிளேட்டை மட்டும் ஓட்டினால் என்ன வரும்? அந்த பிளேட்டில் பொய் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அந்த மனிதருடைய முகத்தில் இருந்து வந்ததுதான். ஆனாலும் அந்தக் கறுத்த தாளைப் பார்த்து இதுதான் அவர் நிறம் என்று சொன்னால் அது பொய். சில நூல்கள் அப்படித்தான். ஒவ்வொரு வரியும் நிஜமாக இருக்கும். மற்ற மூன்று பிளேட்டையும் வேண்டுமென்றே ஓட்டாமல் விட்டிருப்பார்கள். புகழ்ந்து எழுதும் நூலும் இப்படித்தான். கருப்பை மட்டும் விட்டுவிடுவார்கள்.

ஐந்தாவது: மறுதரப்பைக் கேட்டோமா? அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பும்போது, வழக்காளிகள் இருவர் வந்தால் இரண்டாமவரைக் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள் (அபூதாவூத், திர்மிதீ). தாவூத் நபியின் முன் இருவர் ஆட்டு வழக்கோடு வந்த வரலாற்றில் (38:21-24), ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னதே அவருக்கு வந்த சோதனை என்று விரிவுரையாளர்களில் ஒரு சாரார் கூறுகிறார்கள்.

இது தலைவர்களுக்கும் பொருந்தும். எழுத்தாளர் வாஸந்தி, ஜெயலலிதாவின் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதினார். 2011-ல் ஜெயலலிதா நீதிமன்றத்தில் தடை வாங்கினார். அதே தலைவரைப் பற்றிய வாஸந்தியின் நூல் ஒன்று 2016-ல்தான் வெளிவந்தது. தவறு என்றால் இன்ன பக்கத்தில் இன்ன வரி தவறு என்று சொல்வதுதான் பதில். புத்தகமே வராமல் போனால், மக்களும் கேட்காமல் தீர்ப்பளிப்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். கண்ணதாசன் எம்.ஜி.ஆரையும் கடுமையாக விமர்சித்து எழுதியவர். அதே எம்.ஜி.ஆர். முதல்வரானபின் 1978-ல் அவரை அரசவைக் கவிஞராக நியமித்தார். தன்னைக் குறை சொன்னவரின் தகுதியை மறுக்காமல் இருக்க மனிதனால் முடியும்.

கடைசிக் கேள்வி நம்மை நோக்கி

இதுவரை சொன்ன ஐந்தும் நூலை நோக்கிய கேள்விகள். ஆறாவது கேள்வி என்னை நோக்கியது. இதே நூல் என் கட்சித் தலைவரைப் பற்றி வந்திருந்தால் இதே ஆதாரத்தை நான் ஏற்பேனா?

ஒரு சமூகத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்கிறான் இறைவன் (5:8). உங்களுக்கே பாதகமாக இருந்தாலும், பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்கிறான் (4:135). ஹதீஸ் கலையின் பேரறிஞர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையின் அறிவிப்பைப் பற்றிக் கேட்டபோது, என் தந்தை பலவீனமானவர் என்று சொன்னார்கள். மார்க்கம் என்று வந்தபோது பெற்ற தகப்பனுக்கும் தராசைச் சாய்க்கவில்லை. நமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவர்களுக்குக் கேடு என்று அல்லாஹ் எச்சரிப்பது (83:1-3) மளிகைக் கடைத் தராசுக்கு மட்டுமா? எதிராளியைப் பற்றிய நூலுக்கு வதந்தியே போதும், நம்மாளைப் பற்றிய நூலுக்கு நீதிமன்றத் தீர்ப்பே வந்தாலும் போதாது என்றால், அதுவும் அளவையில் மோசடிதான்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1967-ல் விருதுநகரில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் மொழிப் பிரச்சினையும் அன்று மக்களை வாட்டின. அதற்காக அவருடைய கட்சியை விமர்சித்து ஒருவர் நூல் எழுதியிருந்தால், அது நியாயமான விமர்சனம். அதைப் படித்து ஒருவர் வாக்கை மாற்றியிருந்தால், அது அவர் உரிமை. ஆனால் அவர் சொத்துக் குவித்தார் என்று ஒருவர் எழுதியிருந்தால், அது அவதூறு. ஏனென்றால் 1975 அக்டோபர் 2 அன்று அவர் இறந்தபோது சொந்தமாக ஒரு வீடுகூட இல்லாமல் வாடகை வீட்டில்தான் இறந்தார். கொள்கையில் தோற்கடிப்பது வேறு, மானத்தைப் பறிப்பது வேறு. அவதூறைப் பரப்புவதை நீங்கள் அற்பமாக எண்ணுகிறீர்கள், அல்லாஹ்விடமோ அது மிகப் பெரியது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் மீது பழி சுமத்தப்பட்ட சம்பவத்தில் இறைவன் கண்டித்தான் (24:15).

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களிடம் ஒரு தலைவரைப் பற்றி, இது புத்தகத்திலேயே இருக்கிறது என்று ஒரு செய்தியைச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்குப் போய் முழுவதும் தேடினேன். அந்த நூலில் அது இல்லவே இல்லை. யாரோ டீக்கடையில் சொன்னதை என் மனசு புத்தகத்தில் சேர்த்துவிட்டது. கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவன் பொய்யனாக ஆவதற்குப் போதும் என்ற கருத்துள்ள நபிமொழி (முஸ்லிம்) அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த நண்பர்களிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அந்த அச்சகச் சகோதரருக்குப் பதில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். அச்சடிப்பவருக்குப் பொறுப்பு உண்டா?

1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி, தேர்தல் தொடர்பான துண்டறிக்கை, பிரசுரம், சுவரொட்டி எதுவானாலும் அதன் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளியிடுபவர் தான் யார் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்துடன் அச்சகத்திடம் தர வேண்டும். அதன் நகலும் அச்சிட்டதன் பிரதியும், நம்மைப் போன்ற ஊர்களில், மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொரு பிரிவான 123(4)-ன்படி, வேட்பாளரின் நடத்தையைப் பற்றிப் பொய்யான தகவலை, பொய் என்று தெரிந்தோ உண்மை என்று நம்பாமலோ, வேட்பாளரோ அவர் சம்மதத்துடன் மற்றவரோ வெளியிட்டு, அது தேர்தலைப் பாதிக்கக்கூடியதாக இருந்தால், அது ஊழல் நடவடிக்கை. தேர்தலே செல்லாமல் போகலாம்.

சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று பெயர்ச் சங்கிலி இல்லாத செய்தியை முஹத்திஸ்கள் ஏற்கவில்லை. பெயர் போடாத புத்தகம் அறிவிப்பாளர் தொடர் அறுந்த செய்தி. தன் பெயரைப் போடத் துணியாதவருக்கு, தான் எழுதியதில் தனக்கே நம்பிக்கை இல்லை. பாவத்திலும் வரம்பு மீறலிலும் உதவிக்கொள்ளாதீர்கள் என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான் (5:2). மருந்து அறைக்குள் இரும்புக் கருவி கொண்டுபோனவர், நான் உரசவில்லை, கொண்டுவந்து மட்டும்தான் கொடுத்தேன் என்று சொன்னால் இந்த ஊரில் யார் ஒத்துக்கொள்வார்கள்?

ஆகவே பதில் இது. வேட்பாளரை விமர்சிக்கிறது என்பதற்காக ஒரு நூலை அச்சடிக்க மறுக்க வேண்டியதில்லை. பெயரோடு, ஆதாரத்தோடு, சட்டப்படி வந்தால் அது ஹலாலான வேலை. பெயரை மறைத்து, உண்மையைச் சோதிக்காமல் ஒருவரின் மானத்தைப் பறிக்க வந்தால், கூலி எவ்வளவு கூடினாலும் அதில் பரக்கத் இல்லை.

நேற்று இஷாவுக்குப் பிறகு அந்தச் சகோதரரைப் பார்த்தேன். நான் சொல்லும் முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார். "உங்கள் பெயரைப் போடுங்கள், இரண்டு சாட்சி கொண்டு வாருங்கள், அடித்துத் தருகிறேன் என்றேன் ஹஜ்ரத். தாளைச் சுருட்டிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை" என்றார். வேறு அச்சகத்துக்குப் போயிருக்கலாம். இவருக்கு அந்த வேலை போனது. கையில் வேலை குறைந்த நேரத்தில் அவர் இதைச் செய்தார். அல்லாஹ் அவருக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவானாக!

அந்தப் புத்தகம் எங்கிருந்தாவது அச்சாகி நம் கைக்கு வரக்கூடும். அப்போது முதலில் அட்டையின் பின்பக்கத்தையும் உள்பக்கத்தையும் திருப்பி, பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் உங்களோடு அது நின்றுவிடட்டும். பெயர் இருந்தால் படியுங்கள், கேள்விகளைக் கேளுங்கள், மறுதரப்பையும் கேளுங்கள். வாக்கு என்பது சாட்சியம். உனக்குத் தெரியாததைப் பின்தொடராதே, செவி, பார்வை, உள்ளம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்று அல்லாஹ் கூறுகிறான் (17:36). நம் விரலில் வைக்கும் மை சில வாரங்களில் மறைந்துவிடும். அந்தச் சாட்சியத்தின் கணக்கு மறையாது.

யா அல்லாஹ்! உண்மையை உண்மையாகக் காட்டி அதைப் பின்பற்றும் பாக்கியத்தைத் தருவாயாக! பொய்யைப் பொய்யாகக் காட்டி அதிலிருந்து விலகும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்கள் நாவையும், எங்கள் விரல்களையும், எங்கள் அச்சு இயந்திரங்களையும் பிறர் மானத்தைப் பறிப்பதிலிருந்து காப்பாயாக! பட்டாசு ஆலைகளிலும் தீப்பெட்டி ஆலைகளிலும் அச்சகங்களிலும் உழைக்கும் எங்கள் ஊர் மக்கள் அனைவருக்கும் பாதுகாப்பையும் ஹலாலான ரிஸ்கையும் தருவாயாக! எங்கள் மீது உன்னை அஞ்சுபவர்களையும் எங்களிடம் இரக்கம் காட்டுபவர்களையும் பொறுப்பாளர்களாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.